இலண்டன் மாநகரிலே ஒரு கறிக் கடை

பிறந்த நாட்டை விட்டு அன்னிய நாட்டிற் குடியேறும் மனிதன் காலப்போக்கிலே உடையை மாற்றிக் கொள்கிறான். பேசும் மொழியையும் மாற்றிக் கொள்கிறான். நாவின் சுவையை மாத்திரம் அவன் எளிதில் மாற்றிக் கொள்வதில்லை. அந்தச் சுவையையே முதலாக வைத்து, அதனை அறியாத மக்களிடையே ஒரு வாணிகம் தொடங்குவதாயின் அதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அத்துணிவு கொண்ட ஒருவரின் வரலாறு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இலண்டன் மாநகரிலே நிகழ்ந்தது.

அவர் பெயர் தீன் முகம்மது. கங்கைக் கரையிலுள்ள பாட்னா நகரிலே 1759 ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் கிழக்கிந்தியக் கும்பனியின் வங்காளப் படையிற் சேவித்து உயிர் துறந்தார். தந்தையை இழந்த சிறுவன் பத்து வயதளவில், பேக்கர் என்னும் ஐரிஷ் படை அதிகாரியின் பின்னே பாசறை வாழ்வுக்குப் புறப்பட்டான்; படிப்படியாக உயர்ந்து சுபேதார் பதவியும் எய்தினான். 1782 இல் பேக்கர் பதவியை விட்டு விலகியபோது தீன் முகம்மதுவும் உடன் விலகினார். இருவரும் கடல் கடந்து 1784 இல் அயர்லாந்திலுள்ள கோர்க் நகரை அடைந்தனர்.

அங்கே அவர் ஆங்கிலம் கற்றார். 1786 இல் ஜேன் டேலி என்னும் ஐரிஷ் நங்கையை மணம் புரிந்தார். 1794 இல் தமது பயண அனுபவங்களைக் கடித வடிவில் நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவே. அயர்லாந்திலே ஏறத்தாழக் கால் நூற்றாண்டைக் கழித்தபின் அவர் குடும்பத்தோடு இலண்டனுக்குப் பெயர்ந்தார். அங்கே பேசில் கோக்றேன் என்னும் பிரபுவின் மாளிகையில் வேலை கிடைத்தது. இந்தக் கோக்றேன் சென்னப்பட்டினத்திலே கும்பனி உத்தியோகம் பார்த்து, கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தாற் பெருஞ் செல்வம் ஈட்டியவர். இலண்டனிலே போட்மன் சதுக்கத்திலுள்ள தம் மாளிகையில் ஆவிக் குளியல் நிலையம் ஒன்றை அவர் அமைத்திருந்தார்.

அக்காலத்திலே இந்தியாவிற் பொருள் திரட்டித் தாயகம் மீண்ட ஆங்கிலேயர் பலர் போட்மன் சதுக்கத்தைச் சூழ வாழ்ந்தனர். நபாபுகள் என்று ஊரார் அவர்களை ஏளனமாக அழைத்தனர். கிழக்கு நாட்டிற் பழகிய கறியும் சோறும் உக்காவும் அவர்களின் நினைவை விட்டு நீங்கவில்லை. நம் தமிழ்மொழியின் கறி என்ற சொல்லும், மிளகுத் தண்ணீர் என்ற சொல்லும் ஆங்கில மொழியிற் புகுந்துள்ளன என்பதை நேயர்கள் நினைவு கூரலாம். இவர்களை நம்பியே தீன் முகம்மது 1810 ஆம் ஆண்டிலே, ஜோர்ஜ் வீதி 34 ஆம் இலக்க இல்லத்தில், 'இந்துஸ்தானி கோப்பிக் கடை' என்னும் உணவுச்சாலையைத் திறந்தார். பெயர் கோப்பிக் கடையாயினும் அங்கே சிறப்பாகப் பரிமாறப்பட்டது இந்திய உணவே. பிரம்பு நாற்காலிகளும், சுவர்களிலே இந்தியக் காட்சிகளைத் தீட்டிய ஓவியங்களும், உக்கா புகைப்பதற்கெனத் தனி அறையும் அங்கே இருந்தன. இங்கிலாந்திலே இதுவரை சமைக்கப்பட்ட எந்தக் கறியும் இதற்கு நிகராகாது என்று 1811 இல் 'ரைம்ஸ்' பத்திரிகையில் அவர் விளம்பரமும் செய்தார். இந்தியர் ஒருவர் பிரித்தானியாவில் நடத்திய முதல் இந்திய உணவுச்சாலை என இன்று போற்றப்படுவது இதுவே.

ஆயினும் கடை நிலைக்கவில்லை. 1812 இல் தீன் முகம்மது வங்குரோத்தானார். காரணம் யாது? சமையலிற் குறை இருந்ததாக எவரும் கூறவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. நபாபுகள் கறியை விரும்பினர் என்பது மெய். ஆனால் இந்தியாவிலிருந்து அழைத்து வந்த சமையற்காரரைப் பலர் தத்தம் வீட்டிலேயே வைத்திருந்தனர். வீட்டில் உண்பதற்குக் கடைக்கு ஏன் செல்ல வேண்டும்? கறியும் ஊருக்கு முற்றிலும் புதிதன்று. ஆங்கிலச் சமையல் நூலொன்றிலே 1747 இலேயே கறிக்குரிய செய்முறை அச்சாகியிருந்தது; ஹேமாக்கற் பகுதியிலிருந்த ஒரு கோப்பிக் கடை 1773 இலேயே கறி விற்றது. கீழைத் தேச வணிகரோ, தம் தொழில் நடக்கும் கோண்ஹில் பகுதியிலிருந்த ஜெருசலேம் கோப்பிக் கடையிற் கூடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். செல்வர் வாழும் பகுதியில் வாடகையோ அதிகம். அலங்காரச் செலவோ பெரிது. ஊரார் நாவு புதுச் சுவைக்குப் பழகும்வரை காத்திருக்க அவரிடம் முதல் இல்லை. கடை வேறொருவர் கையில் அதே பெயருடன் தொடர்ந்து நடந்தது. அதைத் தோற்றுவித்தவரோ வெறுங்கையராய் வெளியேறினார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மனைவி மக்களைக் காக்கும் பொறுப்பும் இருந்தது. நூலாசிரியராகவும் கடை முதலாளியாகவும் விளங்கியவர், 1813 இலே வீட்டுப் பணியாள் வேலை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதை இழிவென்று அவர் கருதவில்லை.

1814 இல் அவர் கடற்கரை நகரான பிறைற்றனுக்குச் சென்றார். நோயாளரும் செல்வரும் உடல்நலம் நாடி வந்து தங்கும் ஊர் அது. அங்கே மூலிகை ஆவிக் குளியலையும், உடலைப் பிடித்துவிடும் இந்திய முறையையும் அவர் தொழிலாக்கினார். சாம்பூ என்று இன்று தலைமுழுகும் திரவத்துக்கு வழங்கும் பெயர், உடல் பிடித்துவிடுதலைக் குறித்த இந்திச் சொல்லின் திரிபே. தொடக்கத்திற் பலர் நகைத்தனர். குணமடைந்தோர் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களை அவர் தமது நிலையத்திலே காட்சிக்கு வைத்தார். நாளடைவில் நகைப்பு ஓய்ந்தது. நான்காம் ஜோர்ஜ் மன்னரும், அவருக்குப்பின் நான்காம் வில்லியம் மன்னரும் அவரை அரண்மனைப் பணிக்கு அமர்த்திக் கௌரவித்தனர்.

அவரிடம் குறையே இல்லை என்று வரலாறு கூறாது. வைத்தியர் என்ற மதிப்பைப் பெறும் பொருட்டுத் தம் வயதிற் பத்து ஆண்டுகளைக் கூட்டிச் சொன்னார். பெறாத வைத்தியக் கல்வியையும் பெற்றதாக எழுதினார். 1851 இல் அவர் மறைந்தபோது வயது தொண்ணூற்றிரண்டைத் தாண்டியிராது. கல்லறையிலோ நூற்றொன்று எனப் பொறிக்கப்பட்டுள்ளது. அன்னிய மண்ணிலே மதிப்புப் பெற அவர் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

1926 இல் ரீஜன்ற் வீதியில் 'வீராசாமி' உணவுச்சாலை தோன்றியது. பின்னர் கப்பற்றொழிலாளராய் வந்து குடியேறிய சில்கட் பகுதி மக்கள் நகர்தோறும் கறிக் கடைகளை அமைத்தனர். ஜோர்ஜ் வீதியிலே 2005 ஆம் ஆண்டு ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. கடையை இழந்து இரு நூற்றாண்டுகள் ஆகும் தறுவாயிலே அதனைத் தோற்றுவித்தவர் பெயரை ஊர் நினைவு கூர்ந்தது.

ஒரே மனிதர், ஒரே உழைப்பு. ஓரூரில் வீழ்ச்சி, மற்றோரூரில் உயர்வு. மக்கள் வீட்டிலேயே பெறக்கூடியதை விற்றபோது அவர் தோற்றார். வேறெங்கும் பெற இயலாததை, அது வேண்டியோர் கூடும் இடத்தில் அளித்தபோது வென்றார். வாணிகத்துக்குப் பொருளின் தரம் மட்டும் போதாது. இடமும் காலமும் அறிதல் வேண்டும். தோல்வி நேர்ந்தவிடத்து, மீண்டும் முதற்படியிலிருந்து ஏற நாணாத நெஞ்சும் வேண்டும்.