'நல்லாத்தானே இருக்கேன்!' - நோய் வரும் முன் மக்களைப் பரிசோதனைக்கு வர வைப்பது எது?

வாசுதேவநல்லூரோ வேளச்சேரியோ, "வாங்க, பி.பி. பார்த்துடலாம்" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!"

சிக்கலே அங்கேதான். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினாலும் பலருக்குத் தலைவலிகூட வராது. சர்க்கரையும் சத்தமில்லாமல்தான் ஏறும். பக்கவாதம் வந்து படுத்த பிறகே பி.பி. இருந்ததைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

இலவசமா கொடுத்தா வந்துடுவாங்களா?

1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க இலவச எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஏன் என்று ஹாக்பாம் என்ற ஆய்வாளர் விசாரித்தார். 'எனக்கும் இது வரலாம், சீக்கிரம் பார்த்தால் நல்லது' என இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான்.

நம்பிக்கை மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. தென்காசி மாவட்டத்தில் உள்ள வாசுதேவநல்லூர் போன்ற விவசாயப் பகுதியில், ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு காலைப் பொழுது நின்றால் அன்றைய கூலி போச்சு. நோயே தெரியாதபோது கூலியை யார் விடுவார்கள்?

வீட்டு வாசலுக்கு வந்த மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாற்றியது இதைத்தான். பி.பி. பார்க்க வருபவர் அந்தப் பகுதியின் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண். முன்பின் தெரியாத அதிகாரி சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடலாம். தெரிந்த அக்கா அடுத்த மாதமும் வந்து "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் தப்பிக்க முடியுமா?

பலன்? ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 2020 ஆய்வில் 7.3 சதவீதம். அடுத்த ஆய்வில் 17 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம், 16.7 ஆனது. முன்னேற்றம்தான். ஆனால் 100-ல் 80 பேருக்கு மேல் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விடுபடுவது யார்?

பகலில் வீட்டில் இல்லாதவர்கள், முக்கியமாக வேலைக்குப் போகும் ஆண்கள். இதற்காகவே 2024 ஜனவரியில் வேலை செய்யும் இடத்துக்கே போகும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்த வாரத்தில் மற்றவர்கள் தானாகவே டெஸ்ட்டுக்குக் கிளம்புவதையும் பார்க்கலாம். அந்தப் பயம் கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்பதுதான் பிரச்சினை.

பி.பி., சர்க்கரை இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம்.