மெய்ப்பாடு முதல் அறிதிறன் வரை: உளவியல் நெறிகளின் வரலாறு

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்கள் முழுநிலவை ஒட்டி மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. மாடங்களிலிருந்து எறியப்படும் கனிகளை மக்கள் ஏந்திக் கொள்கின்றனர். புனிதவதியாய்ப் பிறந்து, ஊனுடலின் வனப்பை உதறி, தம் பாடல்களில் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே அழைத்துக்கொண்ட அம்மையாருக்கு அவ்வூர் எடுக்கும் விழா அது. அதே 'பேய்' என்னும் சொல், உளநோயுற்றாரைக் குறிக்கும்போது இழிவாகவும் அச்சமாகவும் மாறிவிடுகின்றது. ஒரு சொல் வணக்கத்திற்கும் வெறுப்பிற்கும் இடமாவதேன்? உள்ளத்தை விளங்கிக்கொள்ள மாந்தர் கண்ட நெறிகளின் வரலாறு இவ்வினாவிற்கு ஓரளவு விடை தருகின்றது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றற்கும் நந்நான்காக 32 நிலைக்களன்களைக் காட்டுகின்றது. அழுகைக்குரியனவற்றுள் இழவோடு வறுமையும் எண்ணப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. துயரின் வேர் உள்ளத்தில் மட்டுமன்றி வாழ்நிலையிலும் உண்டு என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது. ஆயினும் இதனையே முதல் உளவியல் நூல் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. தொல்காப்பியர் நோக்கம் செய்யுள், சோதித்தறிதல் அன்று. அவர் செய்ததை அவ்வளவிற் போற்றுதலே அவருக்குச் செய்யும் சிறப்பு.

உளவியல் தனித்துறையாக எழுந்தமைக்கு, 1879இல் வில்லெம் வுண்ட் செருமனியின் லைப்சிக் நகரில் நிறுவிய ஆய்வுக்கூடத்தை அறிஞர் எல்லையாகக் கொள்வர். பயிற்சி பெற்றோர் தம் புலனுணர்வுகளைத் தாமே உற்று நோக்கி உரைக்கும் அகநோக்கு முறை அங்கு முதன்மை பெற்றது. அவர் மாணவர் டிச்சனர் அதனை அமைப்பியலாக அமெரிக்காவில் வளர்த்தார். அங்கேயே வில்லியம் சேம்சு, உள்ளம் எதனால் ஆயது என்பதினும் அது என்ன செய்கின்றது என்பதே வினா என்றார், செயற்பாட்டியல் பிறந்தது. உடலின் மாற்றத்தை உணர்தலே உணர்ச்சி என்று 1884இல் அவர் முன்வைத்த கருத்து, மெய்யிற் படுவதையே மெய்ப்பாடு என்ற தமிழ் மரபின் மாணவர்க்கு வியப்பூட்டும்.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் தலைநகரான பாரிசில், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்கோ இசிவு நோயாளரை ஆய்ந்து வந்தார். 1885இல் அவரிடம் பயிலச் சென்ற வியன்னா மருத்துவர் பிராய்டு, பின்னர் நனவிலி மனத்தின் மீது உளப்பகுப்பாய்வைக் கட்டியெழுப்பினார். அவரது கனவு பற்றிய நூல் 1900ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்தது. 1905இல் பினேயும் சிமோனும் பாரிசிலேயே நுண்ணறிவுத் தேர்வை வகுத்தனர்.

அகத்தை விட்டுப் புறத்தையே நோக்குக என்றது அடுத்த நெறி. 1913இல் வாட்சன் முழங்கிய நடத்தையியல், அளந்து காணத்தக்க செயலே உளவியலின் பொருள் என்றது. முழுமை உறுப்புகளின் தொகையன்று என்ற கெஸ்டால்ட் கொள்கையோ 1912இல் வெர்தைமரால் செருமனியில் தோன்றியிருந்தது. மொழியையும் பழக்கத்தால் விளக்க முயன்ற ஸ்கின்னரை 1959இல் சாம்ஸ்கி மறுத்தார். மாசுலோ, ரோசர்சு ஆகியோர் மனிதனின் தன்னிறைவை மையமாக்கினர். 1967இல் நைசரின் நூல் அறிதிற உளவியலுக்குப் பெயர் நிலைபெறச் செய்தது. ஒரு நெறி மற்றொன்றை முற்றும் அழித்ததில்லை. ஒவ்வொன்றும் முன்னது காணாது விட்டதைக் கண்டது.

இந்தியாவில் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னையிலும் இத்துறை கால்கொண்டது. கல்கத்தாவின் கிரீந்திரசேகர போசு 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவி, பிராய்டுடன் மடல்வழி வாதிட்டார். எதிரெதிர் விருப்பங்கள் உள்ளத்தில் இணைந்தே எழும் என்பது அவர் கொள்கை. கற்றதை ஏற்பதோடு நில்லாது மறுத்துரைத்த துணிவே அவர்தம் பெருமை.

நூல்கள் வளர்ந்த அளவிற்கு நெஞ்சங்கள் வளர்ந்தனவா? சென்னையில் 1794இலேயே மனநோயாளர்க்குக் காப்பகம் இருந்தது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. எனினும் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், அதே தமிழ்க் கடற்கரையின் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 உயிர்கள் கருகின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உளநோயாளரைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்தது.

சட்டம் இரும்புச் சங்கிலியை அறுக்கலாம். சொற்சங்கிலியை அறுப்பது யார்? உளநோயைப் பேய் எனவும் பித்து எனவும் இகழும் மொழி, நோயாளரை மருத்துவரிடமிருந்தும் சுற்றத்தாரிடமிருந்தும் பிரித்து வைக்கின்றது. அம்மையார் பேய்வடிவைத் தாமே வேண்டிப் பெற்றார்; நோயுற்றாரோ அப்பெயரைப் பிறர் சூட்டச் சுமக்கின்றனர். இவ்வேறுபாட்டை உணர்ந்து சொல்லாளும் பொறுப்பு கவிஞர்க்கு உண்டு. அழுகையின் நிலைக்களன்களை எண்ணிய மொழி, அழுவாரை எண்ணாது விடலாகாது.