செல்வம் பெருகிற்று, ஆயுள் பெருகவில்லை

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயின், ஒரு நாட்டு மக்களிற் பெரும்பாலோர் உடல் பருத்து ஆயுள் குன்றுவராயின், அதனை அவர்தம் பெருந்தீனி என்று மட்டும் கூறி அமைதல் தகுமோ? பசிபிக் மாக்கடலிலுள்ள நவூருத் தீவின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

21 சதுரக் கிலோமீட்டர் பரப்பே உடையது அத்தீவு. அதன் மக்கள் பண்டு மீனும் தேங்காயும் தாழையினப் பழமும் உண்டு வாழ்ந்தனர். புவாடா ஏரியில் மீன் வளர்த்தனர். 1900ஆம் ஆண்டில் அங்குப் பாஸ்பேட் வளம் கண்டறியப்பட்டது. நவூருவின் மண் கப்பலேறி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நிலங்களுக்கு உரமாயிற்று. தீட்டிய அரிசியும் மாவும் சர்க்கரையும் தகர இறைச்சியும் கப்பல் வழி வந்து மக்களின் உணவாயின.

1968 சனவரி 31ஆம் நாள் நவூரு விடுதலை பெற்றது. 1970களில் தலைக்கு விழும் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக விளங்கிற்று. உழைப்புக் குறைந்தது, ஊண் மிகுந்தது. 1975-76இல் பால் சிம்மெட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரும் குழுவினரும் ஆராய்ந்தபோது, 15 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கக் கண்டனர்.

உடல் மிகப் பருக்குங்கால் இன்சுலின் செவ்வனே தொழிற்படாது. குருதியிற் சர்க்கரை மிகும். நாளடைவில் இதயமும் சிறுநீரகமும் கெடும். முதியோரையன்றிக் குடும்பம் தாங்கும் நடுவயதினரையும் இந்நோய் கொண்டு செல்வதாலேயே ஒரு நாட்டின் சராசரி ஆயுள் தாழ்கின்றது.

இன்று நவூருவின் வயதுவந்தோருள் பத்தில் அறுவருக்கு மேல் பருமனுடையோர். சராசரி ஆயுள் 60 ஆண்டுகளைச் சிறிதே கடந்து நிற்கின்றது. பருமனுடையோர் 100க்கு ஐவர் அளவேயான சப்பானில் அஃது ஏறத்தாழ 84 ஆண்டுகள். புகைப்பழக்கமும் மருத்துவ வசதிக் குறைவும் இவ்வேறுபாட்டிற் பங்கு கொள்வன. பருமன் ஒன்றே காரணம் என்பது பிழை. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

கனிவளம் குறையவே செல்வமும் கரைந்தது. நோய் மட்டும் நிலைத்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் தோண்டப்பட்டு வெறும் பாறை முனைகளாய்க் கிடக்கின்றது. காய்கறி விளைக்க மண் அரிது. பழைய உணவுக்குத் திரும்புதலும் எளிதன்று. ஆதலின் நவூருவில் முதற்கண் அளவு கடந்தது உண்ட வாயன்று, மண்ணைத் தோண்டிய கையே என்பது தெளிவு.