பர்மாத் தேக்கு அலமாரியும் ஒரு போரும்



"இது பர்மாத் தேக்கு" என்று நம் ஊர்ப் பக்கம் பெருமையாகச் சொல்வோம். அந்த மரம் நம்மிடம் வந்த கதை சின்னதல்ல.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டிலே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். பிறகு சாய்த்து, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விடுவார்கள். ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் கொண்டுபோவார்கள்.

இந்த மரத்தைச் சாக்கிட்டு ஒரு நாடே பறிபோனது. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் முறையாகப் பணம் கட்டாமல் கட்டைகளை எடுத்தது என்று 1885-இல் மாண்டலே அரசவை பெரும் அபராதம் விதித்தது. பிரெஞ்சுக்காரர் அங்கே காலூன்றிவிடுவார்களோ என்று ஏற்கெனவே பயந்திருந்த ஆங்கிலேயருக்கு அது போதுமானதாயிற்று. நவம்பரில் படை புறப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் மாண்டலே விழுந்தது. திபா மன்னரை ரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1916-இல் அங்கேயே இறந்தார்.

கப்பலேறி வந்த அந்தத் தேக்கில்தான் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அலமாரிகளும் உருவாயின. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் நடந்தே மணிப்பூர், அஸ்ஸாம் வந்து சேர்ந்தனர். அங்கே சம்பாதித்ததெல்லாம் போய், முன்பே ஊருக்கு அனுப்பிய மரச்சாமான் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

அந்த அலமாரியை மெஷின் போட்டுத் தேய்த்து வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமா, விற்றுவிடலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது. "உளுத்துப் போச்சு மாமா" என்கிறார்கள். உளுத்தது எது என்று பார்க்க வேண்டும். நான் குனிந்து பார்த்தேன். பூச்சி தின்றது அடிப்பலகையின் வெளிறை, வைரத்தைத் தொடவில்லை. தேக்கின் வைரத்தைக் கரையான்கூட லேசில் அண்டாது.

ஆகவே பொடியான பகுதியை மட்டும் சுரண்டி எடுத்தால் போதும். வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் பழைய தேக்கில் ஒரு துண்டு வாங்கி, ரேகை ஓடும் திசை பார்த்து ஒட்டுப் போடலாம். வச்சிரத்தால் ஒட்டினால், பின்னால் வருகிறவர்கள் வெந்நீரும் சூடும் காட்டிப் பிரித்துச் சரிசெய்ய முடியும்.

மேலே தெரியும் வெள்ளை வட்டங்கள் மரத்தின் கெடுதல் அல்ல. அரக்குப் பாலிஷில் ஈரம் ஏறியது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மேலோட்டமாகத் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும். மெஷின் வைத்தால் நூறு வருடத்து நிறமும் தச்சரின் உளித்தடமும் ஒரு மணி நேரத்தில் தூளாகிவிடும். அது திரும்ப வராது.

தம்பி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அலமாரி யார் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சம்மதமே. ஆசாரி கூலியை என் பென்ஷனில் தருகிறேன். பெயின்ட் மட்டும் வேண்டாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஏதும் இருந்தால் அதன் அடிப்பக்கத்தையும் முதுகுப் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.