ரஜூலா: 48 வருஷம் ஓடிய கப்பல்

ராசிபுரத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க ஊருக்கு ரயிலே 2013-லதான் வந்துச்சு. ஆனா மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் பழைய சேலம் ஜில்லாவும் ஒன்று. ராசிபுரம் அப்போ அதுக்குள்ளதான். அந்த மக்கள் கடல் தாண்டிய வழியில் அதிக காலம் ஓடிய கப்பல்களில் ஒன்று எஸ்.எஸ். ரஜூலா.

1926-ல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் நிறுவனம் கட்டியது. சொந்தக்காரர் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர், இதுதான் அதன் பாதை. நாகையில் கப்பல் கரைக்கு வராது; தூரத்தில் நங்கூரம் போட்டு நிக்கும், படகில் போய் ஏறணும்.

ரஜூலாவைப் பற்றிப் பேசுறவங்க அதன் கேபின், சாப்பாடு பற்றி ஆசையா சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் படுறது கணக்கு. கேபின் பயணிகள் சில நூறு பேர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்க அனுமதி 5,000 பேருக்கு மேல்! தொழிலாளர்களை நம்பியே கட்டின கப்பல் இது.

ஆனா கட்டி நாலே வருஷத்தில் ரப்பர் விலை விழுந்தது. 1930-களின் தொடக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களை மலேயா திருப்பி அனுப்பியது. போன பாதையிலேயே வேலை இல்லாம ஊர் திரும்பினாங்க. 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அதுக்கப்புறம் மேல்தளத்தில் வியாபாரிகளும், கல்யாணம் காட்சிக்குப் போய்வரும் குடும்பங்களும்தான்.

போரில் ரஜூலா படைவீரர்களை ஏற்றியது, தப்பிச்சுது. தங்கைக் கப்பலான ரோனா தப்பலை. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியா கடலில் ஜெர்மன் குண்டுக்கு இரையாகி, 1,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களோடு மூழ்கியது. அதில் வேலை செய்த இந்திய மாலுமிகளும் செத்தாங்க. அவங்களை யாரும் அதிகம் பேசுறதில்லை.

இதே பிரிட்டனில், பத்து வருஷம் முன்னே, ரஷ்யாவுக்காக, பின்னாளில் 'கிராசின்'னு பேர் மாறிய பனி உடைக்கும் கப்பலைக் கட்டினாங்க. 1928-ல் வடதுருவப் பகுதியில் விழுந்த இத்தாலிய ஆகாயக் கப்பலில் பிழைச்சவங்களை மீட்டது அதுதான். இன்னைக்கு நேவா ஆற்றில் அருங்காட்சியகமா நிக்குது. ரஜூலா? 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்'னு பேர் மாத்துச்சு. அடுத்த வருஷமே பம்பாயில் உடைச்சுட்டாங்க.

பிறகு அதே பாதையில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோட மெட்ராஸ்–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் நின்னுபோச்சு.