கொத்தே கயேசி

கொத்தே கயேசி என்பது யப்பானியத் தற்காப்புக் கலைகளில் பயிலப்படும் ஒரு மணிக்கட்டு நுட்பம் ஆகும். எதிராளியின் கையை மணிக்கட்டில் மடக்கி, முன்னங்கையை அவருக்கு வெளிப்புறமாகத் திருப்பி, உடற்சமநிலையைக் குலைத்து, பின்புறமாக விழச்செய்வது இதன் அடிப்படை. அய்க்கிடோவில் தொடக்கநிலை மாணவர்கள் கற்கும் முதன்மை நுட்பங்களுள் இதுவும் ஒன்று. உடல்வலுவைக் குறைவாகப் பயன்படுத்திச் செய்யவேண்டிய நுட்பமாக இது கற்பிக்கப்படுகிறது. எனினும் பயில்வோரை வலுவைப் பயன்படுத்த மிகுதியாகத் தூண்டுவதும் இதுவே. அவ்வாறு செய்யும்போது நுட்பம் தோல்வியடையலாம், அல்லது பயிற்சித் துணைவரின் மணிக்கட்டு காயமடையலாம்.

பெயர்

யப்பானிய மொழியில் 'கொத்தே' என்பது முன்னங்கையின் மணிக்கட்டை அடுத்த பகுதியைக் குறிக்கும். 'கயேசி' என்பதற்குத் திருப்புதல் என்று பொருள். தமிழில் இதனை 'மணிக்கட்டுத் திருப்பு' எனலாம். கெண்டோ எனப்படும் வாட்கலையில் மணிக்கட்டைத் தாக்கும் வெட்டும், அங்கு அணியும் கையுறைக் கவசமும் 'கொத்தே' என்றே அழைக்கப்படுகின்றன.

வரலாறு

அய்க்கிடோவைத் தோற்றுவித்த மொரிகேய் உயேசிபா (1883–1969), சொக்காக்கு தக்கேதா (1859–1943) என்பவரை 1915 இல் ஒக்கைடோ தீவில் சந்தித்து, அவரிடம் தைத்தோ-ரியூ என்னும் யூயுற்சு மரபைக் கற்றார். மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் பல நுட்பங்கள் அம்மரபிலிருந்தே அய்க்கிடோவுக்கு வந்தன. கொத்தே கயேசியும் அவற்றுள் ஒன்று. அய்க்கிடோ என்ற பெயர் 1942 இல் முறைப்படி ஏற்கப்பட்டது.

உயேசிபாவிடமும் யூடோவின் நிறுவனர் சிகோரோ கானோவிடமும் பயின்ற கென்சி தோமிக்கி (1900–1979), தமது முறையின் 17 அடிப்படை நுட்பங்களை வகைப்படுத்தியபோது, மணிக்கட்டு நுட்பங்களின் கீழ் கொத்தே கயேசியைச் சேர்த்தார். யூடோவின் தலைமை நிறுவனமான கொடோக்கான் 1956 இல் வகுத்த தற்காப்புப் பயிற்சி வடிவத்திலும் மணிக்கட்டு நுட்பங்கள் உள்ளன. ஆனால் யூடோ போட்டிகளில் முழங்கை மூட்டைத் தவிர வேறு மூட்டுகளைப் பூட்டுவதற்கு அனுமதியில்லை.

இயங்கும் முறை

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. இம்மூட்டு முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் சிறிதளவு சாயும். ஆனால் உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டும் சுழற்சி மணிக்கட்டில் நிகழ்வதில்லை. முன்னங்கையின் இரு எலும்புகளுள் ஒன்றான ஆரை எலும்பு, மற்றதான அரந்தி எலும்பைச் சுற்றி நகர்வதாலேயே அது நிகழ்கிறது. கட்டைவிரல் மேல்நோக்கிய நிலையிலிருந்து இச்சுழற்சி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 முதல் 90 பாகை வரை அமையும்.

கொத்தே கயேசியில் மணிக்கட்டு உள்நோக்கி மடக்கப்படுகிறது, முன்னங்கை வெளிப்புறமாகச் சுழற்றப்படுகிறது. இவ்விரண்டும் அவற்றின் எல்லையை அடைந்தபின், மேலும் தரப்படும் விசை முழங்கை, தோள் வழியாக உடலுக்குச் செல்கிறது. அப்போது எதிராளியின் உடல் சாய்ந்து, கால்கள் தாங்கும் பரப்புக்கு வெளியே அவரது எடை செல்கிறது. சமநிலை இழந்தவரை வீழ்த்தப் பெரிய விசை தேவையில்லை.

மணிக்கட்டு மடங்கும்போது கைப்பிடியும் தளர்கிறது. விரல்களை மூடும் தசைகள் அந்நிலையில் முன்னரே சுருங்கிவிடுவதால் அவற்றின் இழுவை குறைகிறது. அதேவேளை புறங்கைப் பக்கத் தசைநாண்கள் இழுபட்டு விரல்களைத் திறக்கச் செய்கின்றன. கையை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையால் மணிக்கட்டை மெதுவாக உள்நோக்கி மடக்கினால் இதனை எவரும் உணரலாம். கத்தியைப் பறிக்கும் பயிற்சிகளில் இந்நுட்பம் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

செய்முறை

நுட்பத்தைச் செய்பவர் 'நகே' எனவும், தாக்கி விழுபவர் 'ஊக்கே' எனவும் அழைக்கப்படுவர். ஊக்கே வலக்கையால் வயிற்றை நோக்கிக் குத்தும்போது செய்யப்படும் வடிவம் வருமாறு:

1. நகே இடக்காலை முன்வைத்து, ஊக்கேயின் வலக்கைக்கு வெளிப்புறமாக நுழைகிறார்.
2. அக்காலை ஊன்றித் திரும்பி, ஊக்கே பார்க்கும் திசையையே தாமும் பார்க்கும் நிலைக்கு வருகிறார். அப்போது அவரது இடக்கை ஊக்கேயின் மணிக்கட்டின் மேல் படிகிறது.
3. இடக்கையின் கட்டைவிரல் ஊக்கேயின் புறங்கையிலும், ஏனைய விரல்கள் ஊக்கேயின் கட்டைவிரல் அடிப்பகுதியைச் சுற்றியும் அமைகின்றன.
4. நகே இடக்காலைப் பின்வைத்து உடலைத் திருப்புகிறார். ஊக்கே முன்னோக்கி இழுபட்டுச் சமநிலை இழக்கிறார்.
5. நகே வலக்கையை ஊக்கேயின் புறங்கைமேல் வைத்து, விரல்களை மடித்தபடி வெளிப்புறமாகத் திருப்புகிறார். ஊக்கே பின்புறமாக விழுகிறார்.
6. கையை விடாமல் ஊக்கேயின் தலைப்பக்கமாகச் சுற்றி நடந்து, அவரைக் குப்புறத் திருப்பி, தோளைக் கட்டுப்படுத்தி நுட்பத்தை முடிக்கிறார்.

வலுவின்றிச் செய்தல்

வலுவின்றிச் செய்தல் என்பது விசையே இல்லாமல் செய்தல் அன்று. விசை கைத்தசைகளிலிருந்து வராமல் இடுப்பின் திருப்பத்திலிருந்தும் உடலின் எடையிலிருந்தும் வரவேண்டும் என்பதே இதன் பொருள். இதற்குப் பின்வருவன உதவுகின்றன:

- வரிசை: முதலில் சமநிலையைக் குலைக்கவேண்டும், பின்னரே மணிக்கட்டை மடக்கவேண்டும். உறுதியாக நிற்பவரின் மணிக்கட்டைத் திருப்ப முயன்றால் அவர் முழு உடலாலும் எதிர்க்க இயலும்.
- நெருக்கம்: பிடித்த கை நகேயின் வயிற்றுக்கு முன்னால், உடலுக்கு அருகில் இருக்கவேண்டும். தொலைவில் நீட்டிய கைகளுக்கு உடலின் திருப்பம் முழுமையாகச் சென்று சேராது.
- தளர்வு: பிடி உறுதியாக இருக்கலாம், ஆனால் தோள்கள் இறுகக்கூடாது. திடீர் இழுப்பை உணர்ந்ததும் எதிராளியின் தசைகள் தாமாகவே இறுகுகின்றன. சீரான, படிப்படியான விசைக்கு அவ்வெதிர்வினை குறைவு.
- திசை: கையைப் பக்கவாட்டில் பிழிவதைவிட, ஊக்கேயின் விரல்கள் அவரது முன்னங்கைப் பக்கமாக மடங்குமாறு திருப்புவது எளிது.

பயிற்சி

வகுப்புகளில் இருவர் இணைந்து, வலப்புறமும் இடப்புறமும் மாறிமாறிச் செய்து, பின்னர் நகே, ஊக்கே நிலைகளை மாற்றிக்கொள்வர். தொடக்கத்தில் ஊக்கே அசையாமல் மணிக்கட்டைப் பிடித்து நிற்க, மெதுவாகப் பயில்வது வழக்கம். அதன்பின் நகரும் பிடிகள், வெட்டுகள், குத்துகள் சேர்க்கப்படும். வகுப்பின் தொடக்கத்தில் தம் மணிக்கட்டுகளைத் தாமே மடக்கி நீட்டும் தயார்ப் பயிற்சிகளும் உண்டு.

ஊக்கேயின் பங்கும் கற்கவேண்டிய திறனே. எளிய நிலையில் அவர் பின்னோக்கி உருண்டு விழுவார். உயர்நிலையில் தம் கைக்கு மேலாகப் பாய்ந்து விழுவார். இப்பாய்ச்சல் காட்சிக்காக மட்டும் செய்யப்படுவது அன்று. வேகமாகத் திருப்பப்படும் மணிக்கட்டைக் காக்க, உடலும் அதனுடன் சேர்ந்து சுழலவேண்டியுள்ளது.

பாதுகாப்பு

மணிக்கட்டின் சிறுவிரல் பக்கமுள்ள இணைப்பு நார்களும் குருத்தெலும்பும் முறுக்கு விசையால் காயமடையக்கூடியவை. எனவே ஊக்கே வலியை உணர்ந்ததும் பாயையோ தம் உடலையோ தட்டவேண்டும், நகே அக்கணமே விசையை நிறுத்தவேண்டும். விழும் திறன் குறைந்தவர்மீது நுட்பத்தை வேகமாகச் செய்யக்கூடாது. மூட்டுகளின் நெகிழ்வு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நெகிழ்வு மிக்கவர் வலியை உணரும்போது மூட்டு எல்லையை நெருங்கியிருக்கலாம். பயிற்சிக்குப் பின்னும் வலி நீடித்தால் மருத்துவரை நாடுவது நல்லது.

விமர்சனம்

ஊக்கே ஒத்துழைக்கும் பயிற்சியில் மட்டுமே இந்நுட்பம் எளிதாக நிகழ்கிறது என்ற விமர்சனம் உண்டு. வேகமாகக் குத்திக் கையை உடனே பின்னிழுப்பவரின் மணிக்கட்டைப் பிடிப்பது கடினம் என்பது உண்மை. பெரும்பாலான அய்க்கிடோ அமைப்புகள் போட்டிகளை நடத்துவதில்லை. ஒத்துழைப்பு என்பது மெல்லிய அசைவுகளை உணரக் கற்பதற்கான வழி என்பது அவர்களது விளக்கம். மாறாக, எதிர்ப்புடன் பயிலாமல் நுட்பத்தின் பயனைச் சோதிக்க இயலாது என்று கருதிய தோமிக்கி, தமது முறையில் தடையற்ற பயிற்சியையும் போட்டியையும் சேர்த்தார்.

இரு தரப்பும் ஏற்கும் ஒன்று உண்டு. துணைவர் நுட்பம் பிடிபடும் முன்னரே தாமாக விழுந்துவிட்டால் நகே எதையும் கற்பதில்லை. துணைவர் தொடக்கத்திலேயே முழு வலுவுடன் தடுத்தால் நகே வலுவை நாடவே கற்கிறார். துணைவரின் எதிர்ப்பைக் கற்பவரின் நிலைக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே, வலுவின்றிச் செய்யும் திறனை வளர்க்கப் பரவலாகப் பின்பற்றப்படும் வழியாகும்.