தோட்டத்துச் செபக் கூட்டமும் தொழிலாளர் குரலும்

மலைநாட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் கப்பலேறிய தேயிலையின் கணக்கை எழுதினார்கள். காடழித்த துரைமாரின் துணிவை எழுதினார்கள். பிற்காலத்தில் வேலைநிறுத்தங்களையும் ஒப்பந்தங்களையும் எழுதினார்கள். மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்த பின்னர், லயத்துக் காம்பரா ஒன்றிலோ தகரக் கூரையிட்ட சிற்றாலயத்திலோ கூடி, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் செபமாலை சொல்லி, வேதப் பகுதி ஒன்றைக் கேட்டு, அதைப் பற்றித் தமக்குத் தெரிந்த அளவில் பேசிக் கலைந்த மனிதரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. பக்தி விவகாரத்துக்குச் சரித்திரத்தில் இடமேது என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் கூட்டம் கூடும் உரிமையே நெடுங்காலம் மறுக்கப்பட்ட மக்களிடையே, அனுமதியோடு கூடக் கிடைத்த சபை எதுவாயினும் அது சரித்திரத்துக்கு உரியதுதான். அந்தச் சபையில் என்ன பேசப்பட்டது, என்ன பேசப்படாமல் விடப்பட்டது என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய பொருள்.

கோப்பிப் பயிர்ச் செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் ஆகிய சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்தபின் மலைகள் யாவும் தேயிலையாயின. ரயில்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. மலையின் விளைவு துறைமுகத்துக்கு விரைந்து செல்ல வழி பிறந்தது. மலையில் வாழ்ந்தவனுக்கோ தோட்டத்தின் எல்லையே உலகின் எல்லையாக இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களம், பகலெல்லாம் கொழுந்து மலை, இரவில் ஒற்றை அறைக் காம்பரா. கங்காணியின் கடன் கணக்கு அவனைக் கட்டிப்போட்டது. தோட்டத்துப் பாதையும் துரைக்கே சொந்தம். அனுமதியின்றி உள்ளே வந்த அந்நியன் அத்துமீறிப் புகுந்த குற்றவாளியானான்.

தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகம் நன்கறிந்த வரலாறு. அவர் 1931ஆம் ஆண்டில் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அதன் பின்னரும் சங்கம் அமைக்கும் உரிமை எளிதிற் கிட்டிவிடவில்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானான்.

சங்கத் தொண்டனுக்கு அடைபட்டிருந்த வாயில் சமயத் தொண்டனுக்குத் திறந்திருந்தது. ஆங்கிலிக்கத் திருச்சபையினர் தோட்டத் தமிழருக்கென 1854ஆம் ஆண்டில் தொடங்கிய மிஷனுக்குத் தோட்டத் துரைமாரே முன்னின்று பொருளுதவி செய்தனர். செபம் சொல்லும் கூலியாள் குடிக்க மாட்டான், சண்டையிட மாட்டான், காலையில் பிரட்டுக்குத் தவறாமல் வருவான் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தால் அதில் வியப்பில்லை. தோட்டத்தில் எழுந்த ஆலயங்கள் பலவும் துரையின் இசைவோடு, துரையின் நிலத்தில் எழுந்தவை. அவற்றின் விளக்கொளியில் துரையின் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை சற்று வேறானது. 1883ஆம் ஆண்டில் கண்டிப் பகுதி கொழும்பிலிருந்து பிரிக்கப்பட்டு, சில்வெஸ்திரின் துறவிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அவர்களுள் ஒருவரான கிளமெந்து பஞ்ஞானி அதன் முதல் ஆயரானார். மலைகளோ பெரியவை, குருக்களோ சிலர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பங்கு ஆலயங்கள் எழுந்தன. ஒவ்வொரு பங்கையும் சூழ்ந்து பற்பல தோட்டங்கள் இருந்தன. குருவானவர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறைவைத்தே வர முடிந்தது. மாதம் ஒரு பூசை கிடைத்தால் அது பாக்கியம். மழைக்காலத்தில் அதுவும் தவறும். ஆகவே கூட்டத்தை நடத்தும் பொறுப்பு உபதேசியாரின் கைக்கு வந்தது. அவர் வானத்திலிருந்து இறங்கியவரல்லர். பெரும்பாலும் அதே தோட்டத்து மனிதர், கொஞ்சம் எழுத்தறிந்தவர், திருநாளும் மரணமும் ஞானஸ்நானமும் அவரைக் கேட்டே நடந்தன.

குருவில்லாமற் கூடும் இம்முறை தோட்டத்தில் பிறந்ததன்று. இலங்கைக்கு அது பழையது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு, கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் இத்தீவில் வந்திறங்கினார். நாம் கொங்குநாட்டுக் கோவையைச் சொல்லவில்லை. போர்த்துக்கீசர் ஆண்ட கோவாவைச் சொல்கிறோம். 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றனெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1711இல் மறையும்வரை ஊரூராய் நடந்தார். ஒருவரால் நாடு முழுவதையும் பார்க்க இயலாதாகையால், தாமில்லாத வேளையில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதற்கும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதற்கும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமர்த்தினார். 2015ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. ஆனால் பெயரில்லாத அந்த மூப்பர்களின் முயற்சியே அவருடைய பணியைத் தாங்கிநின்றது. கூலியாளின் கோலத்தில் வந்த அடிகளாரையும் புடவை வியாபாரியின் வேடத்தில் வந்த நடேசய்யரையும் ஒருங்கே நினைத்துப் பாருங்கள். காலம் வேறு, கொள்கை வேறு. ஆயினும் எளிய மக்கள் ஒன்றுகூடுவதை அதிகாரம் என்றுமே அஞ்சி வந்திருக்கிறது என்பதற்கு இருவரும் சாட்சிகள்.

இனி, தோட்டத்துக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நெடுங்காலம் அங்கே பெரும்பாலும் மனப்பாடமே நடந்தது. உபதேசியார் வினா எழுப்புவார். பிள்ளைகள் அச்சடித்த விடையை ஒப்புவிப்பர். பூசை இலத்தீனில் நடந்தது. பொறுமை, கீழ்ப்படிதல், மறுமைப் பேறு ஆகியவை பற்றி நிறையவே சொல்லப்பட்டது. கூலி பற்றியோ, துரையின் வசையைப் பற்றியோ, பிள்ளைப்பேற்றில் மருந்தின்றி மாண்ட தாயைப் பற்றியோ பேச்செழுந்தால், அது செபத்துக்கு வெளியே முற்றத்தில் நின்று பேசிய பேச்சு. சாதியும் வாயிலில் செருப்போடு கழற்றி வைக்கப்படவில்லை. லயத்திற் பிரிந்து வாழ்ந்தவர் ஆலயத்திலும் பிரிந்தே அமர்ந்த இடங்கள் உண்டு.

இதிலே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். தொழிலாளரின் நியாயமான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் வலியுறுத்திப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் நிருபம் எழுதினார். அதே பாப்பரசரின் பெயரால் 1893ஆம் ஆண்டில் கண்டிக்கு அண்மையில் அம்பிட்டியில் பெருங் குருமடம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய குருக்கள் 1955ஆம் ஆண்டுவரை அங்கே பயின்றனர். பின்னர் அக்குருமடம் பூனாவுக்கு மாறியது. தேயிலை மலைகள் அங்கிருந்து தூரமில்லை. எனினும் நிருபத்தின் சொற்கள் அந்த மலைகளின் லயங்களைச் சென்றடையப் பலகாலம் பிடித்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைக்கு எழுதப்பட்ட நீதி கொழுந்து மலைக்கும் பொருந்தும் என்று சொல்ல ஆளில்லை.

சுதந்திரம் வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றது. அந்த மக்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தக் கணக்கை ஒரு செபக் கூட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால், விளக்கைச் சுற்றி அமர்ந்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் கடல் கடக்க வேண்டியவர்கள். எகிப்தை விட்டுப் புறப்பட்ட மக்களின் கதையை அத்தகைய சபையில் வாசித்தால், அதைப் பழங்கதையாக மட்டும் எவர் கேட்டிருக்க முடியும்?

இக்காலத்தில் உலகத் திருச்சபையிலும் ஒரு கலக்கம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பெல்ஜிய நாட்டில் யோசேப்பு கார்டைன் என்னும் குருவானவர் 1925ஆம் ஆண்டில் இளந்தொழிலாளரை ஓர் இயக்கமாகத் திரட்டி, காண், தீர்ப்பிடு, செயற்படு என்ற முறையைக் கற்பித்தார். முதலில் உன் தொழிற்சாலையில் நடப்பதைப் பார். அது நீதியா என்று நற்செய்தியின் ஒளியில் முடிவுசெய். பின்னர் உன்னால் ஆனதைச் செய் என்பது அதன் சாரம். 1961ஆம் ஆண்டில் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தமது நிருபத்தில் இம்முறையை ஏற்றுப் பேசினார். பிரேசில் நாட்டிலோ குருப் பஞ்சமே புதிய வழியைத் திறந்தது. நத்தார் இரவில் புராட்டஸ்தாந்து ஆலயங்கள் மூன்றிலும் விளக்கெரிய, எங்கள் ஆலயம் மட்டும் குருவின்றி இருண்டு கிடந்ததே என்று ஒரு முதிய பெண் ஆயரிடம் முறையிட்டாள் என்பர். அதன் விளைவாக 1956ஆம் ஆண்டளவில் பாரா தோ பிராயி மறைமாவட்டத்தில் சாதாரண மக்களே கூட்டங்களை நடத்தப் பயிற்றப்பட்டனர். பின்னாளில் அந்நாட்டின் ஏழைகள் நிலவுரிமை பேசிய அடிப்படைச் சமூகங்கள் இத்தகைய கூட்டங்களிலிருந்து வளர்ந்தவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தது; வேதநூல் எல்லா விசுவாசிகளுக்கும் எட்ட வேண்டும் என்றது. தோட்டத்துப் பெண் தன் வழிபாட்டின் பொருளைத் தன் மொழியிற் கேட்டாள். பொருள் விளங்கியவன் வினா எழுப்புவான். இது இயற்கை.

மலையகத்தில் அந்த வினாவுக்கு இடங்கொடுத்தவருள் ஆயர் லியோ நாணாயக்கார முதன்மையானவர். 1959ஆம் ஆண்டு முதல் கண்டி ஆயராக இருந்த அவர், 1972ஆம் ஆண்டில் பதுளை தனி மறைமாவட்டமானபோது, பழம்பெரும் ஆசனத்தை விட்டு அந்த ஏழை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்றார். பண்டாரவளையில் சேவக செவன என்னும் பயிற்சி நிலையத்தை உருவாக்கி, கிராமத்திலும் தோட்டத்திலும் வாழும் மக்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் பணியாளரை வளர்க்க முயன்றார். அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயாவைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் அங்கே ஒருங்கே உழைத்தனர். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கை ஆராயப்பட்டு எழுத்தில் வந்தது. 1973-74ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி தாண்டவமாடிற்று. அந்த இருண்ட நாட்களின் நடுவே, 1974இல், தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் தோன்றியது. அன்றாட அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்னும் மன்றாட்டு அரிசியும் மாவும் இல்லாத லயத்தில் ஒலிக்கும்போது, அந்த அப்பம் யார் கையில் இருக்கிறது என்ற வினாவை எத்தனை நாள் தள்ளிவைக்க முடியும்?

மலையகம் முழுவதும் இவ்வாறு மாறிவிட்டது என்று எழுதுவது பொய்யாகும். வினா எழுப்பிய கூட்டங்கள் சில. பழைய ஒப்புவித்தலோடு நின்றவை பல. வந்து அமர்ந்தோரில் பெண்களே மிகுதி. பேசியவர் பெரும்பாலும் ஆண். கொழுந்து பறித்து, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி வந்தவளின் களைப்பு எந்த மன்றாட்டிலும் இடம்பெறவில்லை. மேலும், தோட்டத்துத் தமிழரில் பெரும்பான்மையோர் இந்துக்கள். மாரியம்மன் கோயில் முற்றத்துக்கும் செபக் கூட்டத்துக்கும் இடையே சில அடி தூரந்தான். ஒரே செக்ரோலில் பெயரெழுதப்பட்டு, ஒரே தராசில் கொழுந்து நிறுக்கப்பட்டவர்கள், நீதியைப் பற்றிப் பேச மட்டும் தனித்தனிக் கதவுகளுக்குள் அமர்ந்தால் அந்தப் பேச்சு பாதியிலே நின்றுவிடும். 1977லும் 1981லும் 1983லும் மலையகத்தில் தீ வைத்தவன், உள்ளே இருப்பவன் எச்சமயத்தான் என்று விசாரிக்கவில்லை.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. சேவக செவனவில் கற்பித்த மைக்கல் ரொட்றிகோ அடிகளார், பின்னர் புத்தளையில் ஏழைப் பௌத்த விவசாயிகளிடையே சென்று வாழ்ந்தார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், பூசையின் முடிவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் கூடியிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. சிறிய கூட்டத்தையும் துப்பாக்கி அஞ்சியது.

நாடற்றவர் என்ற பழி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நீங்கிற்று. 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், முன்னோர் வந்திறங்கிய தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் இருநூறு ஆண்டு நினைவாக நடந்தனர். அவர்கள் கேட்டவை நிலம், வீடு, நியாயமான கூலி, சமமான குடியுரிமை. மறைமாவட்டங்களில் அன்பியம் என்ற பெயரில் இன்றும் அயலவர் கூடுகிறார்கள், மாதக் கூட்டங்கள் நடக்கின்றன, விவிலியம் வாசிக்கப்படுகிறது. மண்ணெண்ணெய் விளக்கின் இடத்தில் மின்விளக்கு எரிகிறது. பல இடங்களில் லயம் மட்டும் பழைய லயமாகவே நிற்கிறது.

நம்பிக்கை உடையவர் செபிக்கட்டும். அது அவர்தம் உரிமை. சரித்திரத்தின் மாணவன் என்ற முறையில் நாம் கேட்பது ஒன்றே. கூட்டம் முடிந்தபின் முற்றத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட பேச்சு, கூட்டத்தின் நடுவே வந்து அமர இடமுண்டா? தலைக்கூடை சுமந்த பெண்ணொருத்தி எழுந்து, இந்தக் கூலிக்கு இவ்வளவு கொழுந்து நியாயமா என்று கேட்டால், பிறகு பேசலாம் அம்மா என்று அவளை அமர்த்திவிடாமல், வேதநூலைத் திறந்தபடியே அவள் சொல்வதை முழுவதும் கேட்க அந்தச் சபை ஆயத்தமா? ஆயத்தமாயின், அன்று அத்தோட்டத்தின் சரித்திரத்தை எழுதத் தொடங்குகிறவள் அவளே.